மூன்று வீசம் மிராசுதார்

தஞ்சாவூரில் யாரோடு பேச்சுக் கொடுத்தாலும் கால் மணி நேரத்துக்குள் ஒரு தாத்தா வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தத் தாத்தாவுக்குக் குறைந்தது மூன்று வேலி நிலம் இருக்கும். ஒரு வேலி என்பது 20 மா, ஏக்கர் கணக்கில் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் நகர்வாசிகளின் தாத்தாக்கள் வைத்திருந்த நிலத்தையெல்லாம் கூட்டினால் பழைய தஞ்சை ஜில்லா போதாது. நாகப்பட்டினத்தைத் தாண்டிக் கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் சம்பா சாகுபடி நடந்திருக்க வேண்டும். என் தாத்தாவுக்கு ஐந்து வேலி. அப்பா சொல்லும்போது நாலாக இருந்தது. அவர் காலமான பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன், ஐந்தாயிற்று.

அந்த வேலியெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கல்யாணம், காலேஜ் சீட்டு, பங்காளி வழக்கு, நில உச்சவரம்பு, சீட்டாட்டம் என்று ஒவ்வொரு வேலிக்கும் ஒரு வடிகால் இருந்திருக்கிறது. கையில் மிச்சம் ஒரு மனை, அதில் ஒரு வீடு, மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அப்புறம் 'நாங்க விவசாயக் குடும்பம்' என்ற வாக்கியம். இந்த வாக்கியத்தை வைத்திருக்கிற இருபத்திச் சொச்சம் பேர் கூடித்தான் எங்கள் நகரில் சமுதாயத் தோட்டம் போட்டோம்.

யோசனை சிங்கப்பூரிலிருந்து வந்தது. என் மகள் அங்கே இருக்கிறாள். அந்த ஊர் தேசியப் பூங்காக் கழகம் 2005லிருந்து அடுக்குமாடிக்காரர்களைச் சேர்த்துத் தோட்டம் போட வைக்கிறது. பிற்பாடு பூங்காக்களில் தனித்தனிப் பாத்தியாகவும் குத்தகைக்கு விட ஆரம்பித்தார்கள். பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 57 வெள்ளி, வரி தனி. மூன்று வருஷக் குத்தகை. ஆள் கூடிப்போனால் குலுக்கல். மகளுக்குக் குலுக்கலில் ஒரு பாத்தி விழுந்தது. பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கியபோதுகூட அவள் குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"இரண்டரை மீட்டரா? தாத்தா களத்துல கோழி படுக்கிற இடம்டி அது" என்றேன்.

"நீங்க என்னப்பா நட்டிருக்கீங்க இதுவரைக்கும்?" என்றாள். குழந்தை சாதாரணமாகத்தான் கேட்டாள். அடுப்படியிலிருந்து என் மனைவி, "துளசிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா பேப்பரை மடிச்சு வச்சுட்டு யோசிப்பாரு" என்று சேர்த்துக்கொண்டாள்.

இங்கிலாந்தில் இந்த ஏற்பாட்டுக்கு 1908லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே வழக்கமான பங்கு 10 ராடு. நம் கணக்கில் ஏறக்குறைய 19 குழி. குளிரில் விறைத்துப்போகிற தேசத்துக்காரன் 19 குழியில் உருளைக்கிழங்கு போடுகிறான், தென்னிந்தியாவின் நெற்களஞ்சியத்தில் பிறந்தவன் கொத்தமல்லித் தழையை ஓசிக்குக் கேட்கிறான் என்று சங்கக் கூட்டத்தில் உருக்கமாகப் பேசினேன். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தீர்மானம் போடுவதில் எந்தக் காலத்திலும் சிரமம் இருந்ததில்லை.

மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று எங்கள் நகரின் கோடியில் இருந்தது. பார்த்தீனியமும் சீமைக்கருவையும் அங்கே நன்றாக விளைந்துகொண்டிருந்தன. மாநகராட்சி அனுமதியும் வாங்கியாயிற்று. பூமி பூஜை போட்டு, கடப்பாரை பிடிக்க ஓர் ஆளைக் கூப்பிட்டோம். மண் வரவில்லை. செங்கல் வந்தது, டைல்ஸ் சில்லு வந்தது, சிமெண்ட் சாக்கு வந்தது, ஒற்றைக் கால் செருப்பு வந்தது. மனை போட்டவர் வயலை மேடாக்குவதற்குக் கிடைத்ததையெல்லாம் கொட்டி நிரவியிருக்கிறார். "வண்டல் இருக்குங்க, ஒரு ஆள் மட்டம் கீழ இருக்கு" என்றார் கடப்பாரைக்காரர். காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து 2020இல் சட்டம் வந்தபோது நாங்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினோம். வெடித்த இடம் இருபோகம் விளைந்த நஞ்சை என்பது கடப்பாரை போட்ட அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆக, காவிரி ஆயிரக்கணக்கான வருஷமாகச் சுமந்து வந்து கொட்டிய வண்டலின் மேல் நின்றுகொண்டு, மண்ணை விலைக்கு வாங்கினோம். வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு டிப்பர். தொழு உரம் மூட்டைக் கணக்கில். தென்னை நார்க்கழிவு பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் தோப்புத் தோப்பாகச் சாய்த்துப்போட்ட சீமை அது. மறுபடி கன்று வைத்து, காய் எடுத்து, நார் உரித்து, கழிவைக் கட்டியாக்கி அனுப்புகிறார்கள். நாங்கள் கட்டிக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினோம்.

எங்களில் அனுபவஸ்தர் என்று ஒருவர் இருந்தார். தோட்டக்கலைத் துறை சில வருஷம் முன்பு மானியத்தில் 225 ரூபாய்க்குக் கொடுத்த மாடித் தோட்டத் தளையை வாங்கியவர். ஆறு பை, ஆறு நார்க்கட்டி, ஆறு வகை விதை, வேப்பெண்ணெய் எல்லாம் உண்டு அதில். பைகளில் இப்போது அவர் வீட்டுப் பழைய துணிமணி இருக்கிறது. இருந்தாலும் முன்னனுபவம் முன்னனுபவம்தானே. அவரைச் செயலாளராக்கினோம்.

பாத்தி பிரிக்கும் பொறுப்பை நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் எடுத்துக்கொண்டார். ஒன்பது அடி நீளம், மூன்றடி அகலம். நடைபாதை போக எல்லாருக்கும் ஒன்று. "இருபத்தேழு சதுர அடி. ஒரு குழிங்கிறது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, நூத்தி நாப்பத்துநாலு. பதினாறில் மூணு பங்கு. ஆகக்கூடி, ஆளுக்கு மூணு வீசம் குழி, கணக்கு மயிரிழை பிசகலை" என்றார். என் மகளுடைய சிங்கப்பூர்ப் பாத்தியும் கிட்டத்தட்ட அதே மூன்று வீசம்தான். ஐந்து வேலி என்றால் 10,000 குழி. பத்தாயிரம் குழிக்காரர் பேரன் மூன்று வீசத்துக்கு வந்து நிற்கிறேன். என் முகம் வாடியதைப் பார்த்து சர்வேயர் தேற்றினார். ராஜராஜன் காலத்து நில அளவை, ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு வரைக்கும் இறங்கியிருக்கிறதாம். அந்தக் கணக்குக்கு நீங்கள் பெரும் பண்ணை சார் என்றார். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்து, யாருக்கு எந்தப் பாத்தி? சரித்திரப் பேராசிரியராக இருந்தவர் எழுந்தார். கரையீடு என்று ஒன்று நம் ஜில்லாவில் இருந்ததாம். ஊர் நிலத்தைப் பங்குக்காரர்கள் பொதுவில் வைத்துக்கொண்டு, சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல நிலம் ஒருத்தன் கையிலேயே நிரந்தரமாகச் சிக்கிவிடக் கூடாது என்பது ஏற்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சில ஊர்களில் நடந்திருக்கிறது. "சிங்கப்பூர்லேர்ந்து ஏன் சார் கடன் வாங்குறோம்? நம்ம கொல்லையிலேயே கிடக்கு" என்றார். பலமான கைத்தட்டல். வருஷா வருஷம் பாத்தி மாறும் என்று முடிவாயிற்று. பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். குழாயடிப் பாத்திகள் விழுந்த நாலு பேர் அன்று மாலையே கரையீடு காலத்துக்கு ஒவ்வாத முறை என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

குழாயடி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். கதையே அங்கேதான்.

ஊர் நடுவே கல்லணைக் கால்வாய் ஓடுகிறது. மேட்டூர் அணையோடு 1934இல் வந்தது. தொண்ணூறு வயது தாண்டியும் எங்களுக்கு அது புது ஆறுதான். அதன் தண்ணீர் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் போகும், எங்கள் பாத்திக்கு வராது. எங்களுக்கு ஆழ்குழாய், ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒரே ஒரு குழாய், அதில் மாட்டிய பச்சை டியூப். என் பாத்தி டிரான்ஸ்பார்மர் பக்கம், கடைசி வரிசையில் கடைசி. அதாவது கடைமடை. இத்தனை காலம் 'கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை' என்று செய்தியில் கேட்டால் ஒரு உச்சுக் கொட்டிவிட்டுக் காபி குடித்தவன் நான். இப்போது காபி இறங்கவில்லை.

தலைமடையில் இருந்தவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் கத்திரி, வெண்டை என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவர் மூன்று வீசத்தில் நெல் நட்டார். ஆடுதுறை ரகம். "தஞ்சாவூர்ல தோட்டம் போட்டுட்டு நெல்லு இல்லேன்னா அடுத்த ஊர்க்காரன் சிரிப்பான் சார்" என்றார். சிரித்தால் பரவாயில்லை, நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டுமே. காலையில் டியூபைப் பாத்தியில் போட்டுவிட்டு நடைப்பயிற்சிக்குப் போவார். திரும்பி வருவதற்குள் தொட்டி காலி. கடைமடையில் என் வெண்டை நாற்றுகள் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும்.

கேட்டால், "மிச்சமிருந்தா விடமாட்டேனா?" என்பார். இந்த வாக்கியத்தை நாங்கள் வேறு ஒரு மாநிலத்திலிருந்து நெடுங்காலமாகக் கேட்டுவருகிறோம்.

பிறகு நடந்தது எல்லாம் சட்டப்படி. நடுவர் மன்றம் அமைந்தது. நிஜக் காவிரிக்கு 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு கொடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி நமக்கு 177.25 டிஎம்சி என்றது. எங்கள் மன்றம் அவ்வளவு இழுக்கவில்லை, ஒரு மழைக்காலம் குறுக்கே வந்து வழக்கைத் தள்ளிப்போட்டதோடு சரி. முறைப்பாசனம் என்று தீர்ப்பாயிற்று. ஒற்றைப்படை எண் பாத்திகளுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு ஒரு நாள். மேற்பார்வைக்கு ஒழுங்காற்றுக் குழு. சர்வேயர் தொட்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, உச்சியில் 120 என்று எழுதினார். ஆறடி உயரம்கூட இல்லாத தொட்டிக்கு 120 எதற்கு என்று கேட்டவரை எல்லாரும் வெளியூர்க்காரரைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்கள். மேட்டூர் 120 என்றால்தானே இங்கே ஒருவனுக்குத் தூக்கம் வரும்? தினமும் காலையில் குழுவின் வாட்ஸாப்பில் 'இன்றைய நீர்மட்டம் 74, வரத்து இல்லை' என்று செய்தி வரும். வரத்து இல்லை என்றால் மின்சாரம் இல்லை என்று அர்த்தம்.

ஜூன் 12ஆம் தேதி குறுவைக்கு மேட்டூர் திறப்பது மரபு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரைக்கும் தள்ளிப்போயிற்று. எங்கள் குழாய் மட்டும் எந்த வருஷமும் பிசகாது. தலைவர் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பூவும் நெல்லும் தூவித் திறப்பார். தூவிய பூ டியூபில் அடைத்துக்கொண்டு அன்றைக்குத் தண்ணீர் கடைமடைக்கு வராது. அதுவும் மரபாகிவிட்டது.

உரத்தில் இரண்டு கட்சி. யூரியாக் கட்சிக்குத் தலைமை வங்கி மேலாளர். பஞ்சகவ்யக் கட்சியில் நாங்கள். நம்மாழ்வார் பிறந்த இளங்காடு நம் ஜில்லா, இங்கே உட்கார்ந்துகொண்டு யூரியா போடுவதாவது என்பது எங்கள் வாதம். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துக் கலக்கி வைத்த டிரம் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இயற்கை விவசாயத்தின் மேன்மை பற்றி என் மனைவிக்கு முதலில் நல்ல அபிப்பிராயம் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். மயில் தொல்லையும் உண்டு. வன உயிரினச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற பட்சி அது. தக்காளியைக் கொத்தும்போது நாங்கள் கைகட்டி நின்று, "சார், கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?" என்கிற பாவனையில் பார்ப்போம்.

ஆனால் தண்ணீர், உரம், மயில் எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் ஒன்று மெதுவாகத்தான் தெரிந்தது. தோட்டத்துக்குக் காலையில் இருபது பேர் வந்துவிடுவோம். இருபது பேரும் பாத்தி ஓரத்தில் நிற்போம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அடுத்தவர் பாத்தியைப் பார்த்து, "இதைக் கொஞ்சம் கொத்திவிட்டா நல்லாருக்கும்" என்போம். யார் கொத்துவது என்று சொல்ல மாட்டோம். தமிழில் இதற்கு வசதியான வினை வடிவங்கள் இருக்கின்றன. கொத்திவிடணும், களை எடுக்கணும், மண் அணைக்கணும். எழுவாய் வேண்டியதே இல்லை.

காரணம் பரம்பரை. என் தாத்தா நெல்லை ஒன்று எடுத்துப் பல்லில் கடித்து ஈரப்பதம் சொல்வார். களத்தில் மரக்கால் அளக்கும்போது ஒரு மணி சிந்தினாலும் கண்டுபிடிப்பார். நாற்றங்கால் பச்சையைத் தூரத்திலிருந்து பார்த்தே என்ன குறை என்று சொல்வார். ஆனால் அவர் சேற்றில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. இறங்கினவர்கள் வேறு தெருவில், வேறு குடிசையில் இருந்தார்கள். அவர்களை நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது என்று சொல்வதற்கு 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. 'நாங்க விவசாயக் குடும்பம்' என்பதில் குடும்பம் நாங்கள், விவசாயம் அவர்கள்.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர் ஒருநாள் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்தார். ஒரத்தநாடு பக்கத்துக்காரர். சின்ன வயதிலிருந்து நடவு ஆள். இப்போது நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது, மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் கூட்டமாக வந்து நட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் டவுனில் பாத்திரம் தேய்க்க வந்தவர்.

"என்னம்மா பாக்குறீங்க?" என்றார் செயலாளர்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. இத்தன பேரு வரப்புல நிக்கிறீங்களே, வேல செய்யிறவுக எங்கன்னு பாத்தேன்."

"நாங்கதாம்மா செய்யிறோம்."

"செய்யிறதுன்னா குனியணுமேய்யா?" என்றார்.

டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருப்பதாக ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சொன்னோம்.

முதலில் நாள் கூலிக்கு வரச் சொன்னோம். நாள் பூராவும் அவர் கொத்த, ஒவ்வொரு பாத்தி ஓரத்திலும் ஒருத்தர் நின்று, "அங்க ஒரு களை இருக்கு பாரும்மா" என்று சேவை செய்தோம். சரித்திரப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. இருபது மிராசுதார், ஒரு பண்ணையாள், இதற்குப் பெயர் சமுதாயத் தோட்டமா என்று கேட்டார். அந்த அம்மாவுக்கும் பிடிக்கவில்லை, அவருடைய காரணம் வேறு. "இத்தன பேரு சொல்றத ஒராளு கேக்க முடியாதுங்கய்யா. ஒண்ணு நீங்க செய்யுங்க, இல்லாட்டி எங்கிட்ட விட்ருங்க. குத்தகை தாரேன்."

குத்தகை என்ற சொல் விழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எத்தனை வருஷமாயிற்று அதைக் காதில் கேட்டு! வங்கி மேலாளர் மட்டும் பயந்தார். சாகுபடி செய்கிற குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955லேயே சட்டம் இருக்கிறது, ஒருதரம் உள்ளே விட்டால் அப்புறம் கிளப்ப முடியாது என்றார். மூன்று வீசத்துக்கு யார் சார் ரெவின்யூ கோர்ட்டுக்குப் போவது என்று கேட்டால், "எங்க தாத்தாவும் இப்படித்தான் நெனச்சார். அஞ்சு வேலி போச்சு" என்றார். அவருக்கும் ஐந்து வேலிதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

நியாயமான குத்தகை எவ்வளவு? அதற்கு 1956ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. ஆரம்பத்தில் நிலத்துக்காரருக்கு 40 சதவீதம், பிற்பாடு திருத்தி 25 ஆக்கினார்கள். எங்கள் சங்கத்தில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவரும் உண்டு, அவர் தெளிவாக எழுதிக்கொடுத்தார்: விளைவதில் நாலில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. முதலில் என் கடைமடைப் பாத்தியை அந்த அம்மா எடுத்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள். மூட்டுவலி, பேரன் பிறப்பு, காசி யாத்திரை என்று காரணம் வேறு வேறு. கடைசியில் வங்கி மேலாளரின் நெல் பாத்தியும் போயிற்று. அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் அதில் உளுந்து தெளிக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னது அவருக்குத் தாத்தா காலத்து ஞாபகத்தைக் கிளப்பிவிட்டது, கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டார். பாத்தி ஒவ்வொன்றிலும் எங்கள் பெயர்ப் பலகை இருக்கிறது. அதை அந்த அம்மா பிடுங்கவில்லை, அவரைக்கொடி ஏற்றியிருக்கிறார்.

தோட்டம் இப்போது நன்றாக இருக்கிறது. குழாய்ச் சண்டையும் தீர்ந்தது, எல்லாப் பாத்தியும் ஒரே ஆள் கையில் இருக்கும்போது தலைமடை ஏது, கடைமடை ஏது. ஒழுங்காற்றுக் குழு மட்டும் வாரந்தோறும் கூடுகிறது. மிச்சக் காயை அந்த அம்மா சந்தைக்குக் கொண்டுபோகிறார். ஒட்டன்சத்திரத்துக் காய் வந்து இறங்குகிற ஊரில் எங்கள் நகர்க் கத்திரிக்காய்க்கும் ஒரு கிராக்கி இருப்பதாகக் கேள்வி. எங்களுக்குச் சேர வேண்டிய நாலில் ஒன்று வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை வந்தவர் வெறுங்கையோடு நின்றார். அந்த வாரம் என் பாத்தியில் மொத்தம் மூன்றே கத்திரிக்காயாம்.

"மூணுல காலுன்னா முக்காக் காயிங்கய்யா. அறுத்தா கறுத்துப்போவும். அடுத்த வாரம் சேத்துக் குடுக்கிறேன், பாக்கின்னு எழுதிக்குங்க."

உள்ளே போய் ஒரு நோட்டு எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, தேதி இட்டு, 'குத்தகை பாக்கி: கத்திரிக்காய் முக்கால்' என்று எழுதினேன். எங்கள் வம்சத்தில் குத்தகை பாக்கி வசூலானதாக வரலாறு கிடையாது.